இழுத்துப் பார்க்கிறவர்

எதைக் கட்டினாலும் அவர் இழுத்துப் பார்ப்பார். கயிறு, பட்டி, சப்பாத்து நாடா, எதுவென்றாலும் ஒன்றுதான். கட்டி முடித்து ஒருக்கால் இழுப்பார். கொஞ்சம் தள்ளிப் போவார். போனவர் ஏதோ மறந்தவர்போலத் திரும்பி வந்து இன்னொருக்கால் இழுப்பார். பஸ்ஸில் ஏறினால் கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பார். தொலைபேசியில் கதைத்து முடித்து வைத்தால், சற்று நேரத்தில் மறுபடி எடுத்து, "போனை வைச்சிட்டீங்களோ?" என்று கேட்பார். தேவாலயத்தில் பூசை முடிந்து சுவாமியார் கைகொடுத்தபோது அந்தக் கையையும் இழுத்துப் பார்த்தார் என்று எங்கள் சனம் பகிடி சொல்லும். நான் அதைக் காணவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதும் இல்லை. எனக்கு அவர் அண்ணை, அவருக்கு நான் தங்கச்சி. இரத்த உறவு ஒன்றுமில்லை, ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவர் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு பலேர்மோவில் இல்லை. இத்தாலியின் மறுமுனையில், ஜெனோவாவில் அக்கா வீட்டில் இருந்திருப்பேன். அது அவர் தெரிந்து செய்த உதவியா, தன் பாட்டில் நடந்த காரியமா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எழுதினால் விளங்குமோ என்று பார்க்கிறேன்.

பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான ஒழுங்கை. நானும் என் கணவரும் கீழ்வீட்டில். அவருடைய அறை முதலாம் மாடியில். அதற்கும் மேலே வீட்டுக்கார இத்தாலிய அம்மா, எங்கள் எல்லோருக்கும் சிஞ்ஞோரா. எந்நேரமும் பல்கனியில் நிற்பார். சந்தைக்காரரிடம் மரக்கறி வாங்குவதற்கும், எங்களிடம் கதை வாங்குவதற்கும் கயிற்றில் ஒரு கூடையை இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பார்.

கிழமை நாட்களில் அண்ணைக்கு மாடிக்கட்டடங்களின் படி துடைக்கிற வேலை. சனிக்கிழமைகளில் அவர் வேறு ஆள். அவரிடம் ஒரு பழைய நீலக் கார் இருந்தது. அதன் பின்பக்கத்தில் உருண்டைத் தலை வைத்த ஒரு கொழுக்கி. எங்கள் சனத்தில் அப்படிக் கொழுக்கி உள்ள கார் வேறு யாரிடமும் இல்லை. வீடு மாறுகிறவர்கள், பிறிட்ஜ் வாங்கினவர்கள், கல்யாணத்துக்குக் கதிரை கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். அவர் ஸ்ஃபெர்ராகவால்லோப் பக்கம் போய் ஒரு இழுவைப் பெட்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வருவார். இத்தாலியர் அதை ரிமோர்க்கியோ என்பார்கள். எங்களுக்கு அது பெட்டி. ஊரில் உழவு மெசினுக்குப் பின்னால் போவதும் பெட்டி, இங்கே காருக்குப் பின்னால் போவதும் பெட்டி.

நாங்கள் ஒரு பழைய பிறிட்ஜ் வாங்கியபோது நானும் அந்த வாடகை இடத்துக்குப் போனேன். பெட்டிகளை வாடகைக்கு விடுகிற கிழவர் வாயில் பல்லுக்குச்சியோடு இருந்தார். அண்ணையைக் கண்டதும் தன்னுடைய நாய்களைப் பார்த்து, "எழும்புங்கோடா, இஞ்சினியர் வந்திட்டார்" என்று இத்தாலிய மொழியில் சொன்னார். நாய்கள் எழும்பவில்லை. அண்ணைக்குக் கோபமும் வரவில்லை. அவர் குனிந்து ரயரைப் பார்த்தார். வெளிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, முழங்காலில் நின்று உள்பக்கத்தையும் தடவிப் பார்த்தார். பெட்டியின் மூக்கைக் கொழுக்கி உருண்டையின் மேல் இறக்கி, பிடியை அமர்த்தினார். டக் என்று சத்தம் கேட்டது. எனக்கு அது போதும்போலத்தான் இருந்தது. அவருக்குப் போதவில்லை. பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கிற சின்னச் சில்லை நிலத்தில் இறக்கி, அதன் கைபிடியைச் சுற்றிச் சுற்றி மூக்கை மேலே தூக்கினார். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பியது.

"கண்டனீங்களோ? கார் சேந்து எழும்பினால்தான் பிடிச்சிருக்கெண்டு அர்த்தம். சத்தத்தை நம்பக்கூடாது" என்றார்.

கிழவர் பல்லுக்குச்சியை எடுத்துவிட்டு, "இவன் கலியாணம் கட்டின அண்டைக்குப் பொம்பிளையையும் தூக்கிப் பாத்திருப்பான்" என்றார். அண்ணைக்கு விளங்கியது. "தூக்கேல்லை. அதுதான் அவ இப்ப லண்டனிலை" என்று எனக்கு மட்டும் தமிழில் சொன்னார். சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் நான் பிறிட்ஜைப் பற்றி ஏதோ கேட்டேன்.

எனக்கு அவரோடு பழக்கம் வந்தது லைற்றால்தான். பெட்டியைக் கொளுவி, வயரைக் காரோடு பொருத்தினால், பெட்டியின் பின்னால் உள்ள லைற்றுகள் எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். சிக்னலைப் போட்டுவிட்டுத் தானே இறங்கிப் பார்க்கலாம். பிறேக் லைற்றை அப்படிப் பார்க்க முடியாது. மிதிக்கிறவர் காருக்குள் இருக்க வேண்டும், பார்க்கிறவர் பின்னால் நிற்க வேண்டும். கீழ்வீட்டில் இருக்கிற ஆள் நான். சனிக்கிழமை காலையில் யன்னலில் தட்டுவார்.

"தங்கச்சி, ஒருக்கா வந்து பாருங்கோ."

முதல்நாள் போய் நின்றேன். உள்ளேயிருந்து, "எரியுதோ?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

"தங்கச்சி, எரியுதோ?"

மறுபடியும் தலையாட்டினேன். அவர் இறங்கி வந்தார்.

"எரியுதோ இல்லையோ?"

"எரியுது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"தலையாட்டினனான்."

"உங்களுக்கு முன்னாலை பெட்டி மறைச்சுக்கொண்டு நிக்குது. நீங்கள் தலையாட்டினா எனக்கு எப்பிடித் தெரியும்? ஓம் எண்டு கத்துங்கோ."

நான் சின்ன வயதிலிருந்தே கத்தாத ஆள். பள்ளிக்கூடத்தில் என் பெயரைக் கூப்பிட்டாலே குனிந்துகொள்வேன். என் கணவர் கூட, "உனக்குப் பசிக்குதெண்டு உன்ரை முகத்தைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கவேணும்" என்பார். ஒழுங்கையின் நடுவில் நின்று கத்துவதென்றால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்னால் முடிந்த அளவுக்கு "ஓம்" என்றேன். அது பெட்டியைத் தாண்டவில்லை. மேலே பல்கனியில் நின்ற சிஞ்ஞோரா என் நிலைமையைப் பார்த்து, எங்கள் சொல்லைப் பிடித்துக்கொண்டு, "ஓம்! ஓம்!" என்று முழுச் சந்தைக்கும் கேட்கக் கத்தினார்.

அண்ணை அதை ஏற்கவில்லை.

"அவ மேலை நிக்கிறா. வெயில் பட்டா லைற் எரியிறது மாதிரித்தான் இருக்கும். பின்னாலை நிக்கிற ஆள் சொல்லவேணும்."

அதிலிருந்து சனிக்கிழமைகளில் நான் கத்தப் பழகினேன். எனக்கு முன்னால் சிஞ்ஞோரா கத்துவார். அது கணக்கில் இல்லை.

வெளிக்கிட்ட பிறகும் அவர் சும்மா போகமாட்டார். கொஞ்சத் தூரம் போனதும், நிற்பாட்ட வசதியான முதல் இடத்தில் நிற்பாட்டுவார். பெரும்பாலும் கடற்கரை வீதி. ஓடத் தொடங்கிய பிறகு சாமான் அமரும், பட்டி தளரும் என்பார். கொழுக்கியைப் பார்ப்பார். சில்லின் நடுவில் கை வைத்துச் சூட்டைப் பார்ப்பார். பட்டிகளை ஒவ்வொன்றாக இழுப்பார். பிறகு யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி லைற்றைப் பார்ப்பார். எல்லாம் முடிந்து, பின்னால் நிற்கிறவரிடம் வந்து முகத்தைப் பார்த்து, "போவமோ?" என்று கேட்பார். அந்த ஆள் "ஓம்" என்று சொன்னால்தான் கார் அசையும். ஒரு கல்யாண மாப்பிள்ளையின் தகப்பன் அவசரத்தில் காருக்குள் இருந்தபடியே, "ஓமப்பா ஓம், எடு!" என்று கத்தினாராம். "இறங்கி வந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்று அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். மண்டபத்துக்குக் கதிரை வந்தபோது சனம் நின்றுகொண்டிருந்தது.

இவ்வளவு பார்க்கிறவர் பிழையே விடமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். மாதா திருநாளில் அதுவும் குழம்பியது.

அந்த வருடம் எங்கள் ஆட்கள் திருநாளை ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடற்கரையோரம் ஒரு வளவில் வைத்தார்கள். மாதா சுரூபத்தையும் சமையல் சாமான்களையும் ஒரே பெட்டியில் கொண்டுபோக வேண்டும். ஏற்றுகிறபோது சபைத் தலைவர் நின்று, "மாதா முன்னுக்கு. மாதாவுக்கு முன்னாலை ஒரு சாமானும் வரக்கூடாது" என்றார். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மாதாவைப் படுக்க வைப்பதா என்ற கேள்வியே எழவில்லை. ஆகவே பாரமில்லாத சாந்துச் சுரூபம் பெட்டியின் முன்பக்கத்தில், மெத்தைகளுக்கு நடுவில் நின்றது. அரிசி மூட்டைகள், கிடாரங்கள், தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் மரியாதையாகப் பின்பக்கம் போயின. மாதாவின் இடுப்பைச் சுற்றிப் பட்டி போடக்கூடாது என்று பெண்கள் சண்டை பிடித்து, ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைச் சுற்றிய பிறகு விட்டார்கள். அண்ணை வழமைபோல இழுத்துப் பார்த்தார்.

"ஐயோ, மாதாவை இழுக்காதேங்கோ!" என்றார் ஒரு அக்கா.

"மாதாவை இழுக்கேல்லை அக்கா. பட்டியை."

காரில் அவருக்குப் பக்கத்தில் தலைவர். பின்னால் நானும் என் கணவரும். நகரத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. பெரிய வீதியில் ஏறி, ஒரு இறக்கத்தில் வேகம் பிடித்தபோது பெட்டி ஆடத் தொடங்கியது. முதலில் மெல்ல இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். பிறகு ஆட்டம் பெரிதாகி எங்கள் காரையும் சேர்த்து ஆட்டியது. ஒரு நாயின் வாலைப் பிடித்தால் நாய் நெளிகிறதே, அதுபோல நெளிந்தோம்.

"பிறேக்கைப் பிடி! பிறேக்கைப் பிடி!" என்று தலைவர் கத்தினார்.

அண்ணை பிறேக்கைத் தொடவில்லை. அக்சிலேற்றரை மிதித்திருந்த காலை எடுத்தார். கைகளை நேரே வைத்து ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் இருந்தார். நான் "அருள்நிறைந்த மரியே" சொல்லத் தொடங்கினேன். மாதா பின்னால் பெட்டிக்குள் ஆடிக்கொண்டு வர, நான் முன்னால் இருந்து அவவிடமே மன்றாடினேன். கார் தன் பாட்டில் வேகம் குறைந்தது. ஆட்டமும் குறைந்தது. வீதியோரத்தில் அகலமான இடம் வந்தபோது மெதுவாக ஒதுக்கி நிற்பாட்டினார்.

இறங்கிப் போய்ப் பட்டிகளை இழுத்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. மாதா அசையவில்லை. அவருடைய முகத்தை அப்போது பார்த்தேன். ஏதாவது தளர்ந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தளராததுதான் அவரைக் குழப்பியது. பெட்டியின் மூக்கில் கை வைத்து அமர்த்தினார். பிறகு தலையில் கை வைத்தார்.

"பின்னுக்குப் பாரம் கூடிப்போச்சு. மூக்கை மேலை தூக்குது. நான் பட்டியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன். பாரம் எங்கை கிடக்கெண்டு பாக்கேல்லை."

எல்லாவற்றையும் இறக்கி மாற்றினோம். அரிசி மூட்டைகள் சில்லுக்குச் சற்று முன்னால் வந்தன. கிடாரங்கள் அதற்கு மேலே. மாதா பின்னுக்குப் போனார்.

"அரிசி மூட்டைக்குப் பின்னாலையோ மாதா?" என்று தலைவர் கேட்டார்.

"பின்னாலை நிண்டு பாத்துக்கொண்டு வரட்டும்" என்றார் அண்ணை. "பின்னாலை நிக்கிற ஆளுக்குத்தானே எல்லாம் தெரியும்."

வளவில் காத்திருந்த பெண்கள், மாதா கடைசியாக வந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள்.

இவர் ஏன் இப்படியென்று சனம் பல கதை சொல்லும். மன்னாரில் அவருடைய வள்ளம் கட்டு அவிழ்ந்து போய்விட்டது என்பது ஒரு கதை. இடம்பெயரும்போது உழவு மெசினிலிருந்து பெட்டி கழன்று, சாமானெல்லாம் வீதியில் போனது என்பது இன்னொன்று. சாமான் மட்டுமல்ல என்று குரலைத் தாழ்த்திச் சொல்பவர்களும் உண்டு. பிறப்பிலேயே அப்படித்தான் என்றும் சிலர் சொல்வார்கள். நான் கேட்டதில்லை. ஒருநாள் பட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"கழண்டு போனா முன்னாலை ஓடுறவனுக்குத் தெரியாது தங்கச்சி. வண்டி லேசாப் போகும். நல்லா ஓடுதெண்டு நினைச்சுக்கொண்டு போவான்."

எந்தக் கதையைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு என் கணவர் போனார். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. அக்கா ஜெனோவாவிலிருந்து வந்து எல்லாவற்றையும் பொறுப்பெடுத்துக்கொண்டார். அவர் எனக்கு நேர் மூத்தவர். ஊரிலும் எனக்காகக் கதைத்தவர் அவர்தான்.

அடக்கத்தன்று கோயில் வாசலில் சவ வண்டி நின்றது. மலர்வளையத்தை வண்டியின் மேல் கட்டியிருந்தார்கள். சனத்துக்குள்ளிருந்து அண்ணை வந்தார். சிலுவை அடையாளம் போட்டார். மலர்வளையத்தின் நாடாவை இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் போனார். திரும்பி வந்து இன்னொருக்கால் இழுத்தார்.

"உந்தாளுக்கு என்ன விசரோ?" என்றார் அக்கா என் காதுக்குள்.

எனக்கு உள்ளேயிருந்து ஏதோ கிளம்பியது. கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். சனம் நான் அழுகிறேன் என்று நினைத்து என்னைப் பிடித்துக்கொண்டது. அது அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியாது. கணவர் உயிரோடு இருந்திருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

அக்கா முடிவு எடுத்துவிட்டார். "இஞ்சை தனிய இருந்து என்ன செய்யப்போறாய்? என்னோடை வந்திரு. அறை இருக்கு. பேரப்பிள்ளையளையும் பாத்துக்கொள்ளலாம்." அக்கா கேட்கவில்லை, சொன்னார். நானும் மறுக்கவில்லை. மறுக்க என்னிடம் காரணம் என்று ஒன்று இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரின் கல்லறைக்குப் போய் வருவேன். நான் வேலை செய்யும் வீட்டில் உள்ள கிழவிக்கு என் கையால் சாப்பாடு கொடுத்தால்தான் இறங்கும். எனக்கென்று ஒரு கதவும் அதற்கு ஒரு திறப்பும் இருந்தன. இவற்றையெல்லாம் அக்காவிடம் சொன்னால் அவர் ஒவ்வொன்றாகத் தட்டிவிடுவார் என்று தெரியும். அக்கா வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்றும் தெரியும். அங்கே எனக்கு வாயே தேவைப்படாது.

ஜெனோவாவுக்குப் போகிற ஒரு தமிழ் லொறிக்காரர் துறைமுகத்தில் நிற்பார், பொழுதுபடுவதற்கு முன் சாமானைக் கொண்டுவந்து ஏற்ற வேண்டும், அதே கப்பலில் அக்காவும் நானும் போக வேண்டும். இதுதான் ஏற்பாடு. சாமானைத் துறைமுகம் வரைக்கும் கொண்டுபோக அக்கா அண்ணையைத்தான் கேட்டார். வேறு யாரைக் கேட்பது?

அண்ணை பெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். கட்டில், பிறிட்ஜ், தையல் மெசின், கணவருடைய சைக்கிள். பாரமானவற்றைச் சில்லுக்கு முன்னாலும், லேசானவற்றைப் பின்னாலும் வைத்தார். காற்றில் படபடக்காமல் இருக்க ஒவ்வொரு பட்டியையும் ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினார். இழுத்தார். தள்ளிப் போனார். வந்து இழுத்தார். நான் திறப்பை வீட்டுக்காரச் சிஞ்ஞோராவின் கூடைக்குள் போட்டேன். அவர் கூடையை மேலே இழுத்தார். அன்றைக்கு அவர் "ஓம்" என்று கத்தவில்லை.

கடற்கரை வீதியில் அண்ணை காரை ஓரமாக ஒதுக்கினார்.

"இப்ப என்னத்துக்கு?" என்றார் அக்கா.

"ஒருக்கா பாப்பம்."

துறைமுகம் அங்கிருந்து தெரிந்தது. எங்கள் கப்பல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. புல்லில் பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். அண்ணை கொழுக்கியைப் பார்த்தார், சில்லைத் தொட்டார், பட்டிகளை இழுத்தார். "தங்கச்சி, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். நான் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"இடது?"

"ஓம்."

"வலது?"

"ஓம்."

"பிறேக்?"

"ஓம்."

அவர் இறங்கிப் பின்னால் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். எல்லோரிடமும் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"போவமோ?"

"இல்லை" என்றேன்.

அதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. வேறு யாரோ சொன்னதுபோல இருந்தது. ஆனால் சத்தம் நல்ல சத்தம். பெட்டியைத் தாண்டிக் காருக்குள் இருந்த அக்கா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

அண்ணை ஏன் என்று கேட்கவில்லை. திரும்பிப் போய்க் கொழுக்கியைப் பார்த்தார். சின்னச் சில்லை இறக்கிச் சுற்றி மூக்கைத் தூக்கினார். காரும் எழும்பியது. இறக்கினார். ஒவ்வொரு பட்டியையும் பிடித்துத் தொங்கினார். வந்தார்.

"இப்ப?"

"இல்லை அண்ணை."

மறுபடியும் போனார். வயரைக் கழற்றி ஊதிப் பொருத்தினார். கீழே படுத்து அச்சைப் பார்த்தார். எழும்பி, கட்டியிருந்த பட்டிகளை எல்லாம் அவிழ்த்து, முதலிலிருந்து கட்டத் தொடங்கினார். அக்கா இறங்கி வந்தார்.

"என்ன பிரச்சினை?"

"தங்கச்சி இன்னும் சரியெண்டு சொல்லேல்லை."

"அவளுக்கு உதைப்பற்றி என்ன தெரியும்?"

"அவதானே பின்னாலை நிக்கிறா" என்றார் அவர், பட்டியை முறுக்கியபடி.

லொறிக்காரர் அக்காவின் போனுக்கு எடுத்தார். அக்கா அவரிடம் "இந்தா வாறம்" என்றார். பிறகு எடுத்தபோதும் அதையே சொன்னார். மூன்றாவதாக எடுத்தபோது போனை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எடி, வாறியோ இல்லையோ?"

அக்காவுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. அண்ணை கட்டி முடித்துவிட்டு வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, என்னிடம் மட்டும் கேட்டார்.

"போவமோ?"

"இல்லை."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் கொழுக்கிக்குப் போனார்.

அக்கா என்னை நீண்ட நேரம் பார்த்தார். கோபமாக இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. "உனக்கு வாய் இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியுது" என்றார். தன் பையை எடுத்துக்கொண்டு துறைமுகத்தை நோக்கி நடந்தார். கொஞ்சத் தூரம் போய் ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். நான் பெட்டிக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே நின்றேன்.

பொழுதுபட்டு, பட்டம் விட்ட பிள்ளைகளும் போன பிறகு அண்ணை கேட்டார். "வீட்டையோ?"

"ஓம்" என்றேன்.

ஒழுங்கைக்குள் பெட்டியைப் பின்னால் விட அவருக்கு வராது. முன்னால் மட்டும்தான் ஓடுவார். எந்நாளும்போலக் கழற்றி, சந்தைக்காரர்களைக் கூப்பிட்டுக் கையால் தள்ளினோம். மேலேயிருந்து சிஞ்ஞோரா ஒன்றும் கேட்காமல் கூடையை இறக்கினார். உள்ளே என் திறப்பு இருந்தது. நான் எடுப்பதற்கு முன் அண்ணை கூடையின் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

ஒரு கிழமை போனது. பிறகு படியில் கண்டபோது நிற்பாட்டினார்.

"தங்கச்சி, அண்டைக்கு எது லூசா இருந்தது? எனக்குப் பிடிபடேல்லை."

நான் "தெரியேல்லை அண்ணை" என்றேன். பகிடியாகக் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி மாதிரித் தெரியவில்லை. உண்மையாகவே கேட்கிறார் போலத்தான் இருந்தது. அப்படியென்றால் நான் சொன்ன "இல்லை" அவருக்கு ஒரு பட்டியைப் பற்றிய பேச்சு மட்டும்தானா? கப்பல் போகும் வரைக்கும் ஒரு ஆள் உண்மையாகவே ஒரு பட்டியைத் தேடிக்கொண்டு நிற்பாரா? நிற்பார், அவர் நிற்பார். அதுதான் என் குழப்பம். வேறு யாராக இருந்தாலும் எனக்காகச் செய்தார் என்று சொல்லிவிடுவேன்.

சில வருடங்களுக்குப் பிறகு அவர் லண்டனுக்கு, மனைவியிடமும் மகளிடமும் போய்விட்டார். காரை யாருக்கோ கொடுத்துவிட்டு, ஒரு சூட்கேஸைச் சுற்றிப் பட்டி கட்டி, இழுத்துப் பார்த்துக்கொண்டு போனார். நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லப் போன் எடுப்பார். முழங்கால், மழை, மகளின் வீடு எல்லாம் கதைத்துவிட்டு, கடைசியில் அதைக் கேட்பார். "அண்டைக்கு எது லூசா இருந்தது?" நான் "தெரியேல்லை" என்பேன்.

போன நத்தாருக்கும் எடுத்தார். குரல் மெலிந்திருந்தது. கதைத்து முடித்துக் கேட்டார். என்னவோ அன்றைக்கு எனக்கு அந்தப் பதிலைச் சொல்ல மனம் வரவில்லை.

"ஒண்டும் லூசா இருக்கேல்லை அண்ணை. எல்லாம் இறுக்கமாத்தான் இருந்தது."

"ஓம்" என்றார். "நானும் அப்பிடித்தான் பாத்தனான்."

பிறகு வைத்துவிட்டார்.

நான் யன்னலடியில் போனைப் பிடித்தபடி நின்றேன். அப்படியென்றால் தெரிந்துதானா நின்றார்? தெரிந்திருந்தால் இவ்வளவு வருடமும் ஏன் கேட்டார்? இப்போது சொன்னதும் பட்டியைப் பற்றித்தானா? யோசித்து முடிப்பதற்குள் போன் மறுபடி அடித்தது.

"தங்கச்சி, போனை வைச்சிட்டீங்களோ எண்டு பாத்தனான்."

"ஓம் அண்ணை" என்றேன். அவருக்கு இப்போது காது சரியில்லை. ஆகவே இன்னும் உரக்க, "ஓம்!" என்றேன்.

மேலே பல்கனியிலிருந்து சிஞ்ஞோராவும் "ஓம்!" என்று கத்தினார்.